உப்பு மூட்டை

இரண்டாம் மாடித் திருப்பத்தில் கஸ்பார் சிக்கிக்கொண்டான். முதுகில் அப்பா. காலுக்குக் கீழே இன்னும் இரண்டு மாடிப் படிகள். காது கிழிய ஊதிக்கொண்டிருந்தது துறைமுகத்துச் சங்கு. இன்னும் ஒரு படி இறங்கினால் இரண்டு பேரும் உருண்டுதான் போய்ச் சேர வேண்டும் என்று அவனுக்கே தெரிந்தது. சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கி உட்கார்ந்தான். சங்கு ஓய்ந்தது.

"விடுல மக்கா," என்றார் அப்பா, காதோரமாக. "மொதல்ல மூச்சு வாங்கு."

கீழே படகில் நின்றிருந்த கரையோரக் காப்பு அதிகாரி முத்துசெல்வி மேலே ஏறி வந்தாள். கஸ்பார் வயதுதான் இருக்கும். அவனைப் போலவே குச்சிக் கை, குச்சிக் கால். அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான்.

"முடியலன்னு எழுதிக்கிடட்டுமா?"

"மேடம், இன்னொரு தடவ பாக்கேன். கால் வழுக்கிட்டு."

"வழுக்கல. நானும் பாத்துட்டுத்தான இருந்தேன்." அவள் குரலில் கடுமை இல்லை. "புயல் வந்தா கரண்ட் இருக்காது, லிப்ட் ஓடாது. சங்கு ஊதுற வரைக்கும்தான் படகு கீழ நிக்கும். படுத்த படுக்கையா இருக்கவங்கள வீட்டு ஆளு யாராவது தூக்கிட்டு வந்துரணும். போன பெரும்புயல்ல என்ன நடந்துதுன்னு தெரியும்லா?"

தெரியாமல் என்ன. அந்தப் புயலில் தூத்துக்குடிக் கரையோரத்துப் பிள்ளைகள் பெற்றவர்களைக் கட்டிலோடு விட்டுவிட்டு ஓடினார்கள். பாசம் இல்லாமல் இல்லை. தூக்க முடியவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தச் சோதனை. தூக்கிக் காட்ட முடியாத வீட்டுப் பெரியவர்களைப் புயல் பருவத்துக்கு முன்பே மணப்பாறைப் பக்கம் இருக்கும் முதியோர் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அனுப்பினதுதான்.

"எங்க அம்மாவ நானே அனுப்பி வச்சேன்," என்றாள் முத்துசெல்வி, எங்கோ பார்த்துக்கொண்டு. "எட்டு மாசம்தான் இருந்தாங்க." கையிலிருந்த மின்பலகையில் தவணை குறித்தாள். "ஐப்பசி பிறக்கவும் வருவேன். அதுக்குள்ள உடம்பத் தேத்திக்கிடுங்க."

தேற்றிக்கொள்வதாம். கஸ்பாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் தபால்காரன். தரைத்தளத்தைக் கடலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மூன்றாம் மாடிக்கு மேலே குடியிருக்கும் தெருக்களில் நாள் முழுக்கத் துடுப்புப் போட்டுத் தபால் கொடுக்கிறவன். அது போதாதென்று இரண்டு வருஷமாக விடாமல் ஜிம்முக்கும் போகிறான். காய்ச்சல் அடித்தாலும் போவான், மழை கொட்டினாலும் போவான். தண்டால் எடுத்தான், பஸ்கி போட்டான், இரும்பைத் தூக்கினான். பிச்சையா மாஸ்டர் சொன்ன பயறு, சொன்ன பொடி எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் பலிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கினால் முழங்கைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அதே கயிறுதான்.

ஜிம் மூலையில் ஒரு உப்பு மூட்டை கிடந்தது, பழைய கணக்கில் முழு மூட்டை. அப்பா மிக்கேல் துறைமுகத்தில் சுமை தூக்கிய காலத்தில் அப்படி ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு பலகைமேல் ஏறிக் கப்பலுக்குள் போவார். விசிலடித்துக்கொண்டே போவார். ஜிம்முக்கு வரும் பையன்கள் அந்த மூட்டையின்மேல் சட்டையைக் கழற்றிப் போடுவார்கள். அதை அசைத்தவன் எவனும் இல்லை.

"அடுத்த மாசம் ஏறிரும்ல," என்பார் பிச்சையா மாஸ்டர். ஒவ்வொரு மாதமும் அதையே சொல்வார்.

பொறுக்க முடியாமல்தான் கஸ்பார் டாக்டர் செண்பகவல்லியிடம் போனான். அந்த அம்மாளுக்கு அறுபது தாண்டியிருந்தது. நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். அவன் கையைப் பிடித்துப் பார்த்தார், சோதனை முடிவைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, நீ மலையையே தூக்கினாலும் இது வளராது."

"ஏன் டாக்டர்?"

"உனக்குச் சின்னதுல சொட்டு மருந்து விட்டிருக்கு. உன் வயசுக்காரங்க எல்லாருக்கும்தான். அஞ்சு வருஷம் மழையே இல்ல, தெரியுமா? பச்சப் பிள்ளைங்க சுருண்டு சுருண்டு விழுந்துச்சு. அப்பதான் இந்த மருந்து வந்துச்சு. பசியே எடுக்காது. ஒரு கை சோத்துல உடம்பு ஓடும்."

"அது தெரியும். அதுக்கும் என் கைக்கும் என்ன?"

"தசைங்கறது சும்மா இருந்தாலும் தின்னுக்கிட்டே இருக்கும். அதனால மருந்து அங்கதான் மொதல்ல கைய வச்சுது. இவ்வளவுக்கு மேல வளரக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு தடை. பிள்ளைங்க பிழைச்சுது. அன்னைக்கு அது போதும்னு இருந்துச்சு. இந்தக் கையால எத்தனையோ வாயில விட்டிருக்கேன். வளர்ந்தப்புறம் பெத்தவங்களத் தூக்கணுமேன்னு ஒருத்தருக்கும் தோணல."

கஸ்பார் தன் உள்ளங்கையைப் பார்த்தான். காய்ப்புக் காய்ப்பாக இருந்தது. "அப்ப ரெண்டு வருஷமா நான் பண்ணினதெல்லாம்?"

"நெஞ்சுக்கு நல்லது. மூச்சுக்கு நல்லது." டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "தடைய எடுக்க ஊசி இருக்கு. போட்டா தசை ஏறும். ஆனா பசி வரும், அப்புறம் அதை நிறுத்த முடியாது. உன் ரேஷன் அட்டை மாறாது. உன் வயசுக்காரனுக்கு ஒரு கை அரிசிதான் எழுதியிருக்கு."

"பசின்னா எப்படி டாக்டர் இருக்கும்?"

டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சொல்லிப் புரிய வைக்க முடியாதுப்பா," என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி டெல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். டெல்மா மீன்வலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். பதறிக்கொண்டு எழுந்தாள்.

"அந்த ஊசியா? ஆறாவது மாடி ஜெரால்டு கதி என்னாச்சுன்னு மறந்துபோச்சா? துறைமுக வேலைக்குன்னு போட்டுட்டு வந்தான். ஆறே மாசத்துல அடுத்த வீட்டுச் சட்டியத் திறந்து தின்னுக்கிட்டு நின்னான். பிள்ளைங்க 'பசிக்காரன் பசிக்காரன்'னு ஓடுச்சு. கட்டின பொண்டாட்டி கதவச் சாத்திட்டா. நீங்களும் அப்படி நிக்கணுமா?"

"வேற வழி சொல்லு டெல்மா. அப்பாவ மணப்பாறைக்கு அனுப்பிருவமா?"

அவளுக்கும் வழி தெரியவில்லை. முன்னறைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரக் கட்டிலில், இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அப்பா படுத்துக்கிடந்தார். இருமினார்.

"ஏல கஸ்பாரு. இங்க வா."

போனான்.

"ஊசி கீசின்னு ஒண்ணும் போயிராத. டாக்டருக்கு என்ன தெரியும்? நானும் எடுத்த எடுப்புலயா மூட்டை தூக்கினேன்? ஜிம்முல இரும்போட மல்லுக்கட்டி என்ன பிரயோஜனம்? நான் இருக்கேன்லா. தினமும் என்னயத் தூக்கிப் பழகு. ஏறும்."

மறுநாளே ஆரம்பித்தார்கள். வேலை விட்டு வந்ததும் கஸ்பார் கட்டிலோரம் குனிந்து நிற்பான். அப்பா இரண்டு கைகளையும் அவன் கழுத்தில் போட்டுக்கொள்வார். சிறு பிள்ளைகளை உப்பு மூட்டை தூக்குவதுபோல. ஒரு காலத்தில் அப்பா முதுகில் அவன் அப்படித் தொங்கியிருக்கிறான். முதல் வாரம் பாதி மாடி இறங்கித் திரும்ப ஏறுவதற்குள் நாக்குத் தள்ளியது. ஆனி கழியும்போது ஒரு மாடி இறங்கி ஏறினான். ஆடியில் இரண்டு.

கஸ்பாருக்கு நம்ப முடியவில்லை. இரண்டு வருஷம் இரும்பிடம் கெஞ்சியது ஒரு பக்கம், இரண்டு மாதம் அப்பாவைத் தூக்கியது ஒரு பக்கம். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, நாளைக்கு இன்னும் நாலு படி கூட இறங்கலாமா என்று கால் துறுதுறுக்கும். எழுந்து போய்க் கண்ணாடி பார்ப்பான். கயிறு கொஞ்சம் தடித்திருப்பதுபோலத்தான் தெரியும். ஆவணியில் ஜிம்முக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

"டாக்டர் சொன்னதெல்லாம் பொய்," என்றான் டெல்மாவிடம். "தடையாம் தடை. எல்லாம் மனசுதான்."

"நாந்தான் அப்பவே சொன்னேன்லா," என்றாள் டெல்மா. அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் அன்று அவன் மறுத்துப் பேசவில்லை.

வீட்டில் தட்டு நிறையச் சோறு அப்பாவுக்கு மட்டும்தான். பெரியவர்களுக்குத் தனி ரேஷன் உண்டு. காலையில் டெல்மா வடித்து, குழம்பு ஊற்றி, கட்டிலருகே மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு துடைத்து வைத்ததுபோல இருக்கும். இருவரும் ஆளுக்கு ஒரு கை சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, இத்தனையும் மனுஷன் வயிற்றுக்குள் எப்படித்தான் போகிறதோ என்று பேசிச் சிரிப்பார்கள்.

அப்பா மெலிந்தது அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. குளிப்பாட்டும்போது விலா எலும்பு வரிசையாகத் தெரிந்தது. கஸ்பாரின் விலாவும் அப்படித்தான் தெரியும், டெல்மாவுடையதும் அப்படித்தான். தொந்தியும் தொடையுமாக இருந்தவர் இப்போதுதான் பார்க்க லட்சணமாக ஆகியிருக்கிறார் என்று அடுத்த வீட்டில்கூடச் சொன்னார்கள். கஸ்பாருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஒன்றே ஒன்று மட்டும் அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. கீழே படகு கட்டும் திட்டில் ஒரு செவலை நாய் கிடக்கும். முன்பெல்லாம் அவன் படகு வந்தால் தாவி ஏறும். புரட்டாசி வாக்கில் அது தொப்பையும் தானுமாக ஆகி, தாவினால் தண்ணீரில் விழுந்தது. "ஒனக்கு மட்டும் எங்கல இருந்து வருது தசை?" என்று அதன் காதைப் பிடித்துத் திருகிவிட்டுப் போவான்.

ஐப்பசி பிறந்தது. முத்துசெல்வி வந்தாள். சங்கு ஊதியது.

இந்தத் தடவை கஸ்பாருக்குப் படிகள் இருந்ததே தெரியவில்லை. மூன்றாம் மாடி போயிற்று, இரண்டாம் மாடித் திருப்பத்தையும் தாண்டினான். அந்த இடத்தில் அப்பா அவன் தலையில் லேசாக முட்டினார். முதல் மாடியில் பாசி வழுக்கியது, ஆனாலும் கால் நின்றது. படகில் அப்பாவை இறக்கி உட்கார்த்தியபோது சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாக ஆட்கள் கை தட்டினார்கள். டெல்மா மேலே நின்று அழுதாள்.

"எங்க அம்மாவுக்கும் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தா," என்று சொல்லிவிட்டு முத்துசெல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, நீங்களும் இப்ப பாக்க எங்க வயசு ஆளு மாதிரியே ஆயிட்டீங்க. அடுத்த வருஷமும் இதே மாதிரி செஞ்சு காட்டணும், சரியா?"

"ஜமாய்ச்சிருவோம்," என்றார் அப்பா.

கஸ்பாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அப்பாவை மேலே கொண்டுபோய்ப் படுக்க வைத்த கையோடு படகை எடுத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனான். பிச்சையா மாஸ்டர் முன்னால், அத்தனை பையன்கள் முன்னால், அந்த உப்பு மூட்டையைத் தூக்கிக் காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

மேலே கிடந்த சட்டைகளை எல்லாம் தூக்கிப் போட்டான். குனிந்து மூட்டையின் காது முனைகளைப் பிடித்தான். மூச்சை இழுத்து எம்பினான்.

மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஈரம் கோத்திருக்கும்ல," என்றார் மாஸ்டர்.

கஸ்பார் இரும்பிடம் போனான். வைகாசியில் எதைத் தூக்கினானோ அதைத் தூக்கினான். வந்தது. அதற்கு அடுத்த எடையை மாட்டினான். வைகாசியில் எந்த இடத்தில் கை நடுங்கியதோ அதே இடத்தில் நடுங்கியது. கழற்றி மாட்டினான், மறுபடியும் கழற்றி மாட்டினான். வேர்த்துக் கொட்டியது. டாக்டர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. அவன் உடம்பில் ஒரு இம்மியும் கூடவில்லை.

அவனிடம் எதுவும் கூடவில்லை என்றால், முதுகில் இருந்தவரிடம்தான் குறைந்திருக்க வேண்டும்.

"என்னல ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்று மாஸ்டர் கேட்டது அவன் காதில் விழவில்லை.

துடுப்பைப் போட்ட வேகத்தில் தண்ணீர் அவன் மேலேயே தெறித்தது. தெரு முனை திரும்பினான். வெயில் சாயவில்லை. டெல்மா வேலைக்குப் போயிருந்தாள். திட்டில் செவலை நாய் நிமிர்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, மேலே பார்த்து நின்றது. கஸ்பாரும் மேலே பார்த்தான். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து எலும்பும் தோலுமான ஒரு கை வெளியே நீண்டது. ஒரு கவளம் சோறு விழுந்தது. கை உள்ளே போயிற்று. திரும்ப வந்தது. இன்னொரு கவளம்.

படிகளை எப்படி ஏறினான் என்று தெரியாது. கதவைத் தள்ளியபோது அப்பா தட்டை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எத்தன நாளாப்பா?"

அப்பா தட்டைக் கீழே வைத்தார். பிறகு, மாட்டிக்கொண்ட சின்னப் பையன்போலச் சிரிக்கப் பார்த்தார். "நீ டாக்டர்ட்ட போயிட்டு வந்த மறுநாள்ல இருந்து. முழுசாவா போட்டேன்? காலைல ரெண்டு வாய் தின்னுக்கிடுவேன்."

"நாலு மாசம்!" கஸ்பார் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தான். "எங்கிட்ட ஏறும் ஏறும்னு சொல்லிட்டு... நானும் கண்ணாடியப் பாத்துக்கிட்டு... ஒங்களுக்குப் பசிக்கலயாப்பா?"

அந்தக் கேள்வியைக் கேட்டு அப்பா வாய்விட்டே சிரித்துவிட்டார். "பசிக்கலயாவா? நல்லா கேட்ட போ. பசிப்பய எனக்குச் சின்னதுல இருந்தே பழக்கம்ல. வருவான், குதிப்பான், கொஞ்ச நேரம் கத்துவான். நாம கண்டுக்கிடாம கிடந்தா அவனும் படுத்துருவான்."

"தினமும் ஒங்களத் தூக்கினேன். குளிப்பாட்டினேன். எனக்குத் தெரியலயேப்பா. லட்சணமா இருக்கீங்கன்னு நினைச்சேனே!"

"ஒனக்கு எப்படில தெரியும்?" அப்பாவின் சிரிப்பு நின்றது. "அது என்னன்னே ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதான ஒன்னயத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு அந்த வரிசைல நின்னேன். சொட்டு மருந்து உள்ள போகவும் நீ அழுகைய நிப்பாட்டுன. அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன்."

கஸ்பார் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதான். அப்பா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். எலும்பு எலும்பாக அகப்பட்டது. "இங்கயே கிடந்து இந்தக் கடலப் பாத்துக்கிட்டே போயிரணும், அவ்வளவுதாம்ல," என்றார். "மணப்பாறைல என்ன இருக்கு எனக்கு?"

பானையில் மிச்சம் இருந்ததைக் கஸ்பார் தட்டில் போட்டுக்கொண்டு வந்தான். பிசைந்து நீட்டினான். அப்பா வாயைத் திறக்கவில்லை.

"தின்னா கூடிருவேன்ல. அடுத்த வருஷம் அந்தப் பிள்ள வந்து நிக்கும்."

"அதை நான் பாத்துக்கிடுதேன். வாயத் திறங்க."

அப்பா திறந்தார். மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவது கவளத்துக்கு அவர் தலை தானாக முன்னால் வந்தது. கஸ்பாரால் அதைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போனான். எங்கே போகிறான் என்று தெரிந்தும் டெல்மா தடுக்கவில்லை. "யோசிச்சுக்கிட்டியா?" என்று டாக்டர் கேட்டார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அப்பாவின் கன்னத்தில் லேசாகச் சதை விழுந்தது. செவலை நாய் மேலே பார்த்துப் பார்த்துக் குரைத்துவிட்டு, மீன் பிடிக்கிற திட்டுக்கு இடம் மாறியது.

ஒரு நாள் பாதி தபால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கஸ்பாருக்கு என்னவோ செய்தது. துடுப்பு பிடிக்கக் கை வரவில்லை. எதிர் மாடியில் யாரோ கருவாடு வறுத்தார்கள். தினமும் வருகிற வாசனைதான், அன்றைக்கு அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தது. அந்த ஜன்னலுக்குக் கீழே படகை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, அவன் முகத்தைக் கண்டதும் ஜன்னலைப் பட்டென்று சாத்தினாள்.

மிச்சத் தபாலோடு வீட்டுக்கு வந்தான். டெல்மாவுக்கு அன்று விடுமுறை. அப்பாவுக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். அப்பா இன்னும் கை வைக்கவில்லை.

"ப்பா, உடம்பு சரியில்லன்னு நினைக்கேன். வயித்துக்குள்ள எதோ பிராண்டுது. இழுத்துப் பிடிக்குது. ஒரு இடத்துல நிக்க முடியல, உக்கார முடியல. வேற எதையும் நினைக்கவே முடியல. தலை கிறுகிறுங்குது."

அப்பா அவனையே பார்த்தார். அன்று சொட்டு மருந்து முகாமின் வரிசையில், வெயிலில், தோளில் பிள்ளையோடு நின்றவரின் கண் கலங்கியது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லல," என்றார் மெதுவாக. "அதுதான் பசி."

கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பார்வை அப்பாவின் மணிக்கட்டில், கழுத்துக் குழியில், தட்டில், ஜன்னலில் போய்ப் போய் நின்றது.

"இதையா?" என்றான். "இதையாப்பா நாலு மாசம்?"

அப்பா தட்டை அவன் பக்கம் தள்ளினார். கஸ்பார் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினான். அவர் மறுபடி தள்ளினார். டெல்மா அடுக்களையிலிருந்து வந்து, தன் பங்கு ஒரு கை சோற்றை அந்தத் தட்டிலேயே கொட்டிவிட்டு, தட்டை நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.